ஒரு தோட்டத்தின் ஆட்சி

அரசர்களின் ஆட்சியைப் பற்றிப் பாடநூல்களில் நீங்கள் நிரம்பப் படித்திருப்பீர்கள். இன்று நான் கூற எடுத்துக்கொண்டது ஒரு தோட்டத்தின் ஆட்சி. இதிலும் பட்டம் ஏறியவர், பட்டம் இழந்தவர், முன்னவர் செய்ததைப் பின்னவர் அழித்தது, அழிந்ததை மற்றொருவர் மீட்டது எல்லாம் உண்டு. படை மட்டும் இல்லை. அதற்குப் பதிலாக மண்வெட்டியும் கோடரியும் இருந்தன.

கல்கத்தா நகருக்கு எதிரே, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், சிப்பூர் என்னுமிடத்தில் அத்தோட்டம் உள்ளது. 1787-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியார் அதனை நிறுவினர். வேண்டுமென்று கேட்டவர் தாவர நூல் வல்லுநர் அல்லர். ராபர்ட் கிட் என்னும் படை அதிகாரி. 1770-இல் வங்கத்தைச் சூறையாடிய பஞ்சம் மக்கள் நினைவினின்றும் மறையாத காலம் அது. பஞ்சம் தாங்கும் உணவு மரங்களையும், வாணிகத்துக்கு உதவும் பயிர்களையும் அயல் நிலங்களிலிருந்து கொணர்ந்து வளர்த்து, நாடெங்கும் பரப்புதல் வேண்டும் என்பது அவர் கருத்து. கப்பல் கட்டுவதற்காகத் தேக்கும் நட்டனர். வங்கத்து வண்டல் மண்ணில் தேக்கு முளைத்தது, வளர்ந்தது. ஆனால் உறுதியான மரமாகத் தேறவில்லை. 1820-இல் தேக்கு நின்ற நிலத்தின் ஒரு பகுதி பிஷப் கல்லூரி கட்டுவதற்கு அளிக்கப்பட்டது. இதனைத் தோல்வி என்று எழுதுவோர் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. இன்ன மண்ணில் இன்ன மரம் பயன் தராது என்று சில ஏக்கரில் கண்டறிந்தமையால், பல்லாயிரம் ஏக்கரில் பணத்தைப் புதைக்காமல் தப்பலாம் அன்றோ?

கிட் 1793-இல் மறைந்தார். அவ்வாண்டே வந்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். சென்னை மாகாணத்தின் மருத்துவப் பணியில் சேர்ந்து, சாமல்கோட்டையில் பயிராராய்ச்சி செய்து தேர்ந்தவர் அவர். இருபதாண்டுகள் தோட்டத்தை நடத்தினார். 1814-இல் அச்சான தோட்டப் பட்டியலில் சுமார் 3,500 இனங்கள் இடம்பெற்றன. அவர் காலத்தில் இந்திய ஓவியர்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட செடிகளை உயிர்த்தோற்றத்துடன் வரைந்தனர். அவ்வோவியங்கள் இன்றும் ராக்ஸ்பர்க் பெயரால் வழங்குகின்றன. வரைந்த கைகளுக்குரிய பெயர்களோ பெரும்பாலும் காணப்படவில்லை. நீர் சுமந்தவர், பாத்தி கட்டியவர், பதியம் போட்டவர் ஆகிய மாலிகளின் நிலையும் அதுவே.

இனி, இந்த ஆட்சியில் நிகழ்ந்த பெரும் பூசலுக்கு வருவோம். 1817 முதல் கண்காணிப்பாளராய் இருந்தவர் நதானியேல் வாலிக் என்னும் டேனிஷ் நாட்டு மருத்துவர். கேட்டவருக்கெல்லாம் விதையும் நாற்றும் கப்பலேற்றிய வள்ளல். உலகத்தின் பல தோட்டங்கள் அவரால் வளம் பெற்றன. ஆனால் தம் தோட்டத்தைக் கண்ணுக்கினிய பூங்காவாக வளர்த்தாரேயன்றி, மாணவர் பயிலும் வண்ணம் இனவாரியாக வகுத்து வைக்கவில்லை. 1842-இல் உடல்நலம் குன்றி அவர் நன்னம்பிக்கை முனைக்குச் செல்ல, பொறுப்பு வில்லியம் கிரிபித் கைக்கு வந்தது. கிரிபித் 1832-இல் சென்னைக்கு வந்திறங்கிய மருத்துவர். அறிவு மிக்க இளைஞர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் தாவர நூல் கற்பித்தவர். இவ்விருவரும் 1835-இல் தேயிலை ஆராய்ச்சிக்காக அசாமுக்கு ஒருங்கே சென்று, மனக்கசப்புடன் திரும்பியவர்கள் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

கிரிபித் காத்திருக்கவில்லை. புதிய ஒழுங்கில் தோட்டத்தை அமைக்கும்பொருட்டுப் பழைய மரங்களை வெட்டச் செய்தார். பனை போன்ற தோற்றமுடைய சைகஸ் மரங்களின் சாலை, வருவோரெல்லாம் வியந்து நின்ற சாலை, அடியோடு அகற்றப்பட்டது. தேக்கு, மகோகனி, கிராம்பு, சாதிக்காய், இலவங்கத் தோப்புகளும் மறைந்தன. 1844-இல் திரும்பிவந்த வாலிக் கண்டது தாம் வளர்த்த தோட்டத்தை அன்று. இரண்டாண்டில் அவர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். கிரிபித் 1845-இல் மலாக்காவில் தம் முப்பத்து நான்காம் வயதிலேயே உயிர் நீத்தார். 1848-இல் அங்கு வந்த ஜோசப் ஹூக்கர், அழிந்த சாலையையும் தோப்புகளையும் குறித்து வருந்தித் தம் இமயப் பயண நூலில் எழுதினார்.

இவ்விருவரில் யார் பக்கம் நிற்பது? நானும் பல்லாண்டுகள் பள்ளி நடத்தியவன். தலைமையாசிரியர் மாறியதும் மணியடிக்கும் நேரம் முதல் மாமரத்தடி வகுப்பு வரை எல்லாம் மாறுவதைக் கண்டிருக்கிறேன். கிரிபித்தின் குறைகூறல் நியாயமானது என்றே சொல்வேன். செடியின் பெயரும், வந்த ஊரும், நட்ட ஆண்டும் ஏட்டில் இல்லையெனில் அது தாவர இயல் தோட்டம் ஆகாது. நிழல் தரும் சோலை ஆகும். பயிற்றுவிப்பது அதன் கடமைகளுள் ஒன்று. ஆனால் அவர் கையாண்ட முறையை என்னால் ஏற்க இயலவில்லை. ஏடு எழுதுவதற்கு மரம் வெட்ட வேண்டியதில்லை. புதிய பாத்திகளை வெற்றிடத்தில் அமைத்து, அவை நிலைத்த பின்னர்ப் பழையவற்றைப் பற்றி முடிவு செய்திருக்கலாம். எழுதிய எழுத்தை அழித்து ஒரு மணியில் மீண்டும் எழுதலாம். மரத்தை மீண்டும் காண ஒரு தலைமுறை வேண்டும். மேலும், அவர் தோட்டத்தின் தற்காலிகப் பொறுப்பாளர். அதற்குரியவர் உயிரோடு, திரும்பிவரும் எண்ணத்தோடு இருந்தார்.

மனிதர் விட்டுவைத்ததை 1864, அக்டோபர் 5-ஆம் நாள் வீசிய புயல் வீழ்த்தியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் விழுந்தன. 1867-இல் மற்றொரு புயல் வந்து எஞ்சியவற்றுள்ளும் பலவற்றைச் சாய்த்தது. நிழல் போயிற்று; நிழலை நம்பி வாழ்ந்த செடிகளும் போயின.

1871-இல் ஜார்ஜ் கிங் பொறுப்பேற்றார். தோட்டம் மேடு பள்ளமின்றி மட்டமான தாழ்ந்த நிலம். அவர் ஏரிகள் வெட்டினார். வெட்டிய மண்ணால் தாழ்ந்த இடங்களை உயர்த்தினார். ஏரிகளை நிலத்தடிக் குழாய்களால் இணைத்து, ஆற்று நீரை இயந்திரத்தால் இறைத்து நிரப்பினார். நீரைத் தலையில் சுமந்த மாலிக்கு அது எத்துணைப் பெரிய விடுதலை! 1883-இல் உலர்ந்த தாவரங்களைப் பாதுகாக்கத் தனிக் கட்டிடம் எழும்பியது. கிரிபித் விரும்பிய ஒழுங்கும் வாலிக் விரும்பிய அழகும் ஒருசேர அமைந்தது கிங் காலத்தில்தான். புயல் வெற்றிடம் தந்திருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

அத்தோட்டத்தின் பெரிய ஆலமரத்தை நீங்கள் படத்தில் பார்த்திருக்கலாம். காளான் நோய் பற்றியதால் அதன் அடிமரம் 1925-இல் வெட்டி அகற்றப்பட்டது; மரம் விழுதுகளின் மேலேயே நின்றது. தொங்கும் இளவிழுதுகளை மண் நிரப்பிய மூங்கில் குழாய்களுக்குள் செலுத்தி நிலத்தில் இறங்கச் செய்தவர்கள் தோட்டப் பணியாளர்களே. தோட்டம் 1963 முதல் இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையின் பொறுப்பில் உள்ளது. 2009-இல் ஜகதீச சந்திர போஸ் பெயரைப் பெற்றது. 2020, மே 20-ஆம் நாள் ஆம்பன் புயல் அவ்வாலின் விழுதுகள் பலவற்றை முறித்தது. புயல் ஓய்ந்ததும் பணியாளர்கள் சாய்ந்த மரங்களுக்கு இடையே மறுபடியும் வேலையைத் தொடங்கினார்கள்.