நீரூற்றைச் சுற்றி நின்றவர்கள்: மெக்சிகோவின் காலனிய நகரங்களும் தோட்டங்களும்

மெக்சிகோவின் காலனிய நகரங்களைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் ஏறக்குறைய ஒரே வரிசையைத்தான் பின்பற்றுகிறார்கள். மெக்சிகோ நகரத்தின் பெருஞ்சதுக்கம், அலமேதா பூங்கா, பிறகு புவெப்லா, கெரெத்தாரோ, ஒஹாகா. எல்லா ஊர்களிலும் கட்டம் போட்டு வகுத்த தெருக்கள், நடுவில் சதுக்கம், ஒரு பக்கம் பேராலயம், இன்னொரு பக்கம் அரசு மாளிகை. வெயிலில் இவற்றையெல்லாம் பார்த்து முடித்தபின் ஒரு பழைய மடத்தின் கதவைத் தாண்டி உள்ளே போனால் நாற்புறமும் வளைவுத் தூண்கள், நடுவில் கல்லால் ஆன நீரூற்று, அதைச் சுற்றி மரமும் செடியும். வருகிறவர்கள் அங்கேதான் உட்கார்ந்து மூச்சு விடுகிறார்கள். எவ்வளவு அமைதி என்று சொல்லாதவர்கள் குறைவு.

இந்த முற்றங்களுக்குள் நுழைய யாருக்கு உரிமை இருந்தது? நுழைந்தவர்களில் யாரால் வெளியேற முடியவில்லை? இந்த அமைதி யாருடைய உழைப்பில் நின்றது? இந்த மூன்று கேள்விகளோடு அதே பாதையில் நடந்தால் வேறொரு நகரம் கண்ணில் படுகிறது. கன்னியர் மடத்தைப் பெண்ணிய வாசிப்புகள் இரண்டு விதமாகப் பார்த்திருக்கின்றன. ஒன்று, பெண்களை அடைத்து வைத்த சிறை என்பது. மற்றொன்று, கணவனும் பிள்ளைப்பேறும் இல்லாமல் பெண்கள் எழுதவும் படிக்கவும் தங்களைத் தாங்களே ஆளவும் கிடைத்த இடம் என்பது. இரண்டுக்கும் ஆதாரங்கள் உண்டு. ஆனால் ஒரே மதில் ஒருத்திக்குப் புகலிடமாகவும் மற்றொருத்திக்குச் சிறையாகவும் இருந்தது; யாருக்கு எது என்பதை அவரவர் பிறப்பு தீர்மானித்தது. மெக்சிகோவின் முற்றங்கள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

தோட்டக்கலையை அந்த மண்ணுக்கு ஸ்பானியர் கொண்டுவரவில்லை. அஸ்டெக் தலைநகரான தெனோச்தித்லான் ஏரி நடுவே இருந்தது. சேற்றையும் நாணலையும் அடுக்கி ஏரிக்குள் எழுப்பிய சினாம்பா எனும் விளைநிலங்கள் அந்த நகரத்துக்குச் சோறு போட்டன. சோச்சிமில்கோவில் இன்றும் அவற்றைக் காணலாம். ஒவாஸ்தெபெக்கில் அரசர்களின் தோட்டம் ஒன்று இருந்தது. அதைக் கண்டு வியந்து கோர்த்தெஸ் தன் பேரரசருக்கு எழுதினார். 1521 ஆகஸ்ட் 13இல் தெனோச்தித்லான் வீழ்ந்தது. 1552இல் மார்த்தின் தெ லா குரூஸ் என்ற நாவா மருத்துவர் தன் மக்களின் மூலிகை அறிவைத் தொகுத்தார். ஹுவான் பதியானோ அதை இலத்தீனில் பெயர்த்தார். நூலில் நிற்பவை இந்த இரண்டு ஆண்களின் பெயர்கள். அந்த அறிவில் ஒரு பகுதி பேறுகாலம் பார்த்த பெண்களுடையது. அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

மெக்சிகோ நகரத்தின் அலமேதா 1592இல் அரசப் பிரதிநிதி லூயிஸ் தெ வெலாஸ்கோவின் ஆணையால் உருவானது. அமெரிக்கக் கண்டங்களின் மிகப் பழைய பொதுப் பூங்கா என்று இதைச் சொல்வார்கள். பொது என்ற சொல்லைச் சற்றுத் தயக்கத்தோடுதான் ஏற்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெறுங்காலோடு வருகிறவர்களையும் பிச்சைக்காரர்களையும் வாசலிலேயே நிறுத்தினார்கள். பூங்காவின் மேற்கு முனையை ஒட்டி, சமய விசாரணை மன்றம் தண்டித்தவர்களை எரிக்கும் இடம் இருந்தது. தியேகோ ரிவேரா 1947இல் முடித்த அலமேதா சுவரோவியத்தில் இவை இரண்டையும் பார்க்கலாம். பட்டும் தொப்பியுமாக உலவுகிறவர்களுக்கு நடுவே ஒரு பூர்வகுடிக் குடும்பத்தைக் காவலர் விரட்டுகிறார். ஓரத்தில் தீ எரிகிறது. சோர் ஹுவானாவும் அந்தக் கூட்டத்தில் நிற்கிறார்.

பூங்காவுக்கு எதிரே தெருவைத் தாண்டினால் கோர்ப்புஸ் கிறிஸ்தி ஆலயம். 1724இல் பூர்வகுடிப் பெண்களுக்கென்று தொடங்கிய முதல் மடம் இது. அதுவரை இருநூறு ஆண்டுகளாக அவர்கள் மடங்களுக்குள் பணிப்பெண்களாகப் போனார்கள். துறவிகளாகப் போக முடியவில்லை. இந்த மடம் தொடங்கவிருந்தபோது, பூர்வகுடிப் பெண்ணால் கற்பைக் காக்க முடியுமா, துறவு வாழ்வைத் தாங்கும் அறிவு அவளுக்கு உண்டா என்று ஆண் துறவிகள் கருத்துக் கேட்டு விவாதித்தார்கள். கடைசியில் கதவு திறந்தது, குலத்தலைவர்களின் மகள்களுக்கு மட்டும். கலப்பில்லாத பிறப்பு வேண்டும், தாழ்ந்த வேலை எதுவும் செய்திருக்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். கறுப்பினப் பெண்ணுக்கும் கலப்பினப் பெண்ணுக்கும் இங்கும் இடமில்லை.

பிறப்பால் மனிதர்களைப் பிரித்த இந்த ஏற்பாட்டில் கலப்பினத்தவரைக் குறிக்க ஸ்பானியர் வைத்த சொல் காஸ்தா. இதே ஐபீரியச் சொல்லைத்தான் போர்த்துகீசியர் நம் கரைகளில் கண்ட சாதியைக் குறிக்கப் பயன்படுத்தினார்கள். ஆங்கிலத்துக்கு அது அவர்களிடமிருந்து போனது. 18ஆம் நூற்றாண்டில் மெக்சிகோ ஓவியர்கள் வரிசை வரிசையாகத் தீட்டிய காஸ்தா படங்களில் ஒரு தந்தை, ஒரு தாய், ஒரு குழந்தை இருப்பார்கள். அந்தக் குழந்தையின் பிரிவுக்கு என்ன பெயர் என்பதும் எழுதியிருக்கும். இரத்தத் தூய்மையின் கணக்குப் புத்தகம் பெண்ணின் கருப்பை. மடத்தின் மதில் உயர்ந்ததற்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பு இருக்கிறது. சொத்தும் தூய்மையும் வேறு கைக்குப் போகாமல் காக்க, திருமணமாகாத மகளுக்கு மதிப்பான ஓர் இடம் குடும்பங்களுக்குத் தேவைப்பட்டது. அதற்கு வரதட்சணையும் கொடுத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் அது சாதாரணமாக 3,000 பெசோ.

1585இல் தொடங்கிய சான் ஹெரோனிமோ மடம் இப்போது பல்கலைக்கழகம். சோர் ஹுவானா இனெஸ் தெ லா குரூஸ் 1669இல் இங்கே துறவு ஏற்றார். திருமணத்தில் நாட்டமில்லாதவளுக்கு, தந்தையின் பெயர் சட்டப்படி இல்லாதவளுக்கு, படிப்பைத் தொடர இதைவிட நல்ல வழி அந்தச் சமூகத்தில் இல்லை. கவிதையும் நாடகமும் இறையியலும் எழுதினார். மடத்தின் கணக்குகளைப் பார்த்தார். பெரிய நூலகம் ஒன்றைச் சேர்த்தார். 1690இல் அவருடைய இறையியல் விமர்சனம் ஒன்றைப் புவெப்லாவின் ஆயர் மனுவேல் ஃபெர்னாந்தெஸ் தெ சாந்தா குரூஸ் அச்சிட்டார். உடன் சேர்த்த அறிவுரைக் கடிதத்தில் சோர் ஃபிலோதேயா என்று ஒரு கன்னியின் பெயரில் கையெழுத்திட்டார். ஒரு பெண்ணை அடங்கச் சொல்ல ஓர் ஆண் பெண்ணின் பெயரை எடுத்துக்கொண்டார். 1691இல் சோர் ஹுவானா எழுதிய பதில், பெண் கல்விக்காக அந்தக் கண்டத்தில் எழுந்த ஆரம்பகால வாதங்களில் ஒன்று. சமையலறையில் நடக்கும் சிறுசிறு மாற்றங்களைக்கூட அறிவுக்கான பொருளாக அவர் அதில் எடுத்துக்கொள்கிறார். சில ஆண்டுகளில் நூல்களைக் கைவிட்டார். 1695இல் கொள்ளைநோயில் சக கன்னியரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இறந்தார்.

நாம் கொண்டாட வேண்டிய வாழ்க்கைதான் இது. அதே மடத்தின் ஆவணங்களில் இன்னொரு ஹுவானாவும் இருக்கிறார். ஹுவானா தெ சான் ஹோஸே என்ற அடிமைப் பெண். சோர் ஹுவானா துறவு ஏற்றபோது அவருடைய தாய் கொடுத்த ‘உடைமை’. 1684இல் சோர் ஹுவானா அவரைத் தன் சகோதரிக்கு விற்றார். அந்தக் காலத்து மடங்களில் இது விதிவிலக்கான செயலும் இல்லை. சில மடங்களில் கன்னியரைவிடப் பணிப்பெண்களின் எண்ணிக்கையே அதிகம். கன்னியர் அறைகள் பல சமயம் அடுக்களையோடு கூடிய சிறு வீடுகள். அடுப்பெரிக்கவும் தண்ணீர் சுமக்கவும் அங்கே ஆட்கள் தேவை. ஒரு பெண்ணுக்கு எழுத நேரம் கிடைத்ததென்றால் அந்த நேரத்தை யார் கொடுத்தார்கள் என்று கேட்பது அவளுடைய எழுத்தைச் சிறுமைப்படுத்தாது. கேட்காவிட்டால் இரண்டாவது ஹுவானா இரண்டாம் முறையும் விற்கப்படுகிறார்.

புவெப்லா 1531இல் ஸ்பானியருக்கென்றே அமைத்த நகரம். அங்கே வழிகாட்டிகள் நேரே அழைத்துப் போவது சாந்தா ரோசா மடத்தின் சமையலறைக்கு. தரையிலிருந்து கூரை வரை வண்ண ஓடு பதித்த அந்த அறையில்தான் மோலே எனும் மிளகாய்க் குழம்பு பிறந்தது என்று கதை. ஒரு கன்னியின் பெயரையும் சொல்வார்கள். மிளகாயும் கொக்கோவும் தக்காளியும் அந்த மண்ணில் ஸ்பானியருக்கு வெகு காலத்துக்கு முன்பே அரைபட்டவை. மெத்தாத்தே எனும் அரைகல்லின் முன் மண்டியிட்டு அரைத்தவர்கள் பூர்வகுடிப் பெண்கள். மிளகாய் நம் அம்மிக்கு வந்து சேர்ந்தது போர்த்துகீசியக் கப்பல்களில்.

அதே ஊரின் சாந்தா மோனிக்கா மடத்தை 1688இல் நிறுவியவர் சோர் ஃபிலோதேயா என்று கையெழுத்திட்ட அதே ஆயர். அவருடைய இதயம் அங்கே இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 1863இல் குடியரசு அரசாங்கம் கன்னியர் மடங்களை ஒழித்தது. சாந்தா மோனிக்காவின் பெண்கள் போகவில்லை. சாதாரண வீட்டு முகப்புக்குப் பின்னால் மறைந்து வாழ்ந்தார்கள். 1934இல்தான் அரசு கண்டுபிடித்தது. மடம் வெறும் சிறை என்று சொல்கிறவர்கள் இந்த எழுபது ஆண்டுகளுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

இந்தியாவிலிருந்து போன ஒரு பெண்ணும் புவெப்லாவில் வாழ்ந்தார். மிர்ரா என்று பெயர். மேற்குக் கரையில் போர்த்துகீசியக் கடற்கொள்ளையர் பிடித்த சிறுமி. கொச்சியில் இயேசு சபையினர் ஞானஸ்நானம் கொடுத்து கத்தரீனா தெ சான் ஹுவான் என்று பெயரிட்டார்கள். மணிலாவில் விற்கப்பட்டு, கப்பலில் அக்காபுல்கோ வந்து, புவெப்லாவின் ஒரு தம்பதிக்கு அடிமையானார். எசமானர் இறந்தபின் விடுதலை கிடைத்தது. மணம் முடித்துவைத்தபோதும் கணவனோடு உடலுறவை மறுத்தே வாழ்ந்தார். தெய்வக் காட்சிகள் காண்பவராக ஊர் அவரைப் போற்றியது. ஆசியர் எல்லாரையும் சீனர் என்றே அழைத்த அந்த ஊரில் அவரும் ‘சீனப் பெண்’தான். எந்த மடத்திலும் கன்னியாக ஆகவில்லை. சிறு அறை ஒன்றில் வாழ்ந்து 1688 ஜனவரியில் இறந்தார். அவருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்ட குரு அலோன்சோ ராமோஸ் மூன்று பெரிய பாகங்களில் அவர் வாழ்க்கையை எழுதி அச்சிட்டார். சமய விசாரணை மன்றம் அந்த நூலைத் தடை செய்தது. இன்று அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பது சீனா போப்லானா எனும் மணியும் பூவேலையும் நிறைந்த பாவாடை. அது 19ஆம் நூற்றாண்டின் உடை, அவர் உடுத்தியதில்லை.

கெரெத்தாரோவில் 74 வளைவுகளோடு நிற்கும் நீர்ப்பாலத்தை, ஒரு பிரபு ஒரு கன்னியின் மீதுகொண்ட காதலால் கட்டினார் என்று சொல்லக் கேட்கலாம். அந்தக் கன்னி என்ன நினைத்தார் என்று கதையில் இல்லை. அதே ஊரில் 1810 செப்டம்பரில் விடுதலைச் சதி வெளிப்பட்டபோது, மாவட்ட அதிகாரி தன் மனைவி ஹோசேஃபா ஓர்த்திஸை அறையில் வைத்துப் பூட்டினார். அவர் தரையைத் தட்டிச் சிறைக்காவலரை அழைத்துச் செய்தி அனுப்பினார். சில நாட்களில் கிளர்ச்சி தொடங்கியது. பிற்பாடு அவரை அடைத்து வைக்க அரசு தேர்ந்தெடுத்தது மெக்சிகோ நகரத்தின் ஒரு கன்னியர் மடம். விரும்பிப் போனவளுக்குப் படிப்பறை, விரும்பாதவளுக்குச் சிறைக்கூடம். இரண்டுக்கும் சாவி ஒரே இடத்தில் இருந்தது.

ஒஹாகாவின் சாந்தா கத்தலீனா மடம் 1576இல் தொடங்கியது. கன்னியர் வெளியேற்றப்பட்டபின் சிறையாகவும் பள்ளியாகவும் இருந்து, இப்போது உயர்தர விடுதி. அதன் முற்றம் ஒன்றில் மேலே கூரையோடு ஒரு நீரூற்றும் அதைச் சுற்றிப் பன்னிரண்டு கல் தொட்டிகளும் உள்ளன. சலவைத் தொட்டிகள். துணி துவைத்த கைகளின் உயரத்துக்கு ஏற்றபடி கல் சரிந்திருக்கிறது. இப்போது மாலையில் அங்கே விளக்கேற்றிப் படமெடுக்கிறார்கள். இந்தப் பயணத்தில் பெண்களின் உழைப்பு நேராகக் கண்ணுக்குத் தெரியும் இடம் இதுதான்.

சில தெருக்கள் தள்ளி சாந்தோ தொமிங்கோ ஆண்கள் மடம். அதன் காய்கனித் தோட்டம் நெடுங்காலம் படைமுகாமாக இருந்தது. 1990களில் அங்கே விடுதியும் வாகன நிறுத்தமும் வரவிருந்ததை ஓவியர் ஃபிரான்சிஸ்கோ தொலேதோவும் மற்றவர்களும் எதிர்த்து, ஒஹாகாவின் தாவரங்களுக்கான தோட்டமாக்கினார்கள். சப்பாத்திக்கள்ளி வரிசைகளில் வெண்பொடி பூத்தாற்போல் கொச்சினீல் பூச்சிகள் ஒட்டியிருக்கும். நசுக்கினால் இரத்தச் சிவப்பு. சாயம் இருப்பது பெண் பூச்சியின் உடலில். காலனியக் காலத்தில் வெள்ளிக்கு அடுத்து மெக்சிகோவிலிருந்து போன மதிப்புமிக்க பொருள் இது. ஐரோப்பாவின் கர்தினால்கள் அணிந்த சிவப்பு, ஒஹாகாவின் பூர்வகுடிக் குடும்பங்கள் கள்ளியிலிருந்து ஒவ்வொன்றாகச் சுரண்டிச் சேர்த்தது. மாவட்ட அதிகாரிகள் முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டி, சாயமாகவும் நெய்த துணியாகவும் வசூலித்தார்கள். 1660இல் தெவாந்தெபெக்கில் அந்தத் துணிச் சுமை தாங்காமல் மக்கள் எழுந்து அதிகாரியைக் கொன்றார்கள். முன்வரிசையில் பெண்கள் இருந்தார்கள். தண்டனை பெற்றவர்களிலும் பெண்கள் இருந்தார்கள்.

அந்தத் தோட்டத்தில் தொலேதோ அமைத்த மர நீரூற்று ஒன்று உண்டு. மித்லாவின் இரத்தம் என்று பெயர். அதில் வழியும் தண்ணீர் கொச்சினீல் கலந்து சிவந்திருக்கும். மற்ற முற்றங்களின் தெளிந்த நீரைப் பார்த்துவிட்டுக் கடைசியாக இங்கே வருவது நல்லது. வழிகாட்டி இல்லாமல் உள்ளே நுழைய முடியாத தோட்டம் இது. துவைத்தவர்களையும், அரைத்தவர்களையும், பூச்சி சுரண்டியவர்களையும் பற்றி அவர்களிடம் கேட்கலாம். கேட்கக் கேட்கத்தான் அவையும் சுற்றுலாவின் பகுதியாகும்.