முதலாண்டு விளைச்சல் மன்னருக்கு

இடைக்கால இங்கிலாந்தில் மன்னரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்ற ஒரு பிரபு இறந்தால், அவருடைய மகன் உடனே அந்த மண்ணில் உரிமை கொண்டாட முடியாது. முதலில் மன்னரின் ஆட்கள் வந்து நிலத்தைக் கைப்பற்றுவார்கள். வயது வந்த வாரிசாக இருந்தால், ஓராண்டு வருமானத்தைக் கட்டிவிட்டு மீட்டுக்கொள்ள வேண்டும். சட்டப் புத்தகங்களில் இதற்கு 'பிரைமர் செய்சின்' என்று பெயர். 'ரிலீஃப்' என்ற வாரிசுக் கட்டணம் வேறு உண்டு. 1215-இல் ஜான் மன்னரைப் பணியவைத்த பிரபுக்கள், மாக்னா கார்ட்டாவின் இரண்டாவது பிரிவிலேயே அந்தக் கட்டணத்துக்கு உச்சவரம்பு எழுதி வாங்கினார்கள் என்றால், அது எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும்!

வாரிசு சிறுவனாக இருந்தால் கதை இன்னும் மோசம். 21 வயது வரை அவனும் நிலமும் மன்னர் வசம். தாயின் விதவைப் பங்கும் பையனின் பராமரிப்பும் போக, மிச்ச வருமானம் கஜானாவுக்கு. அவனுடைய கல்யாணத்தைக்கூட மன்னர் விலைக்கு விற்கலாம். வாங்கியவர் தன் மகளையே கட்டிவைக்கலாம்.

வயது வந்துவிட்டது என்று நிரூபிப்பதும் லேசல்ல. பிறப்புப் பதிவேடு இல்லாத காலம். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிச் சத்தியம் வாங்குவார்கள். அந்தப் பையன் பிறந்த வாரம்தான் தன் மகனைப் புதைத்தேன் என்று ஒருவர் சொல்வார். அன்றுதான் குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்தது என்பார் இன்னொருவர். சாமானியர்களின் வாழ்க்கை ஆவணமேறிய அபூர்வமான இடங்களில் இதுவும் ஒன்று.

1540-இல் எட்டாம் ஹென்றி இந்த வசூலுக்கென்றே 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' அமைத்தார். நம் ஜமீன் வரலாற்றில் அடிபடும் அதே பெயர்தான். 1873-இல் தந்தையை இழந்த சிறுவன் பாஸ்கர சேதுபதியின் ராமநாதபுரம் ஜமீனை நிர்வகித்ததும் அதே பெயர் கொண்ட அமைப்பே. ஆனால் சென்னை மாகாணத்தில் உபரி வருமானம் ஜமீனுக்கே சேர்ந்தது. இங்கிலாந்தில் நடந்தது பகிரங்க வியாபாரம். 1562-இல் 12 வயதில் தந்தையை இழந்த ஆக்ஸ்ஃபோர்டு பிரபு எட்வர்ட் டி வேர், அந்த நீதிமன்றத்தின் தலைவர் வில்லியம் சிசிலின் வீட்டில் வளர்ந்தார். அவருடைய நிலங்களில் பெரும்பகுதியின் வருமானத்தை எலிசபெத் ராணி தமக்கு வேண்டிய ராபர்ட் டட்லிக்குக் கொடுத்துவிட்டார். 1571-இல் டி வேர் மணந்தது சிசிலின் மகள் ஆன் என்பவரை!

1610-இல் முதலாம் ஜேம்ஸிடம் நாடாளுமன்றம் பேரம் பேசியது: இந்த உரிமைகளை விட்டுவிடுங்கள், ஆண்டுக்கு 2,00,000 பவுண்டு தருகிறோம். பேச்சு முறிந்தது. உள்நாட்டுப் போருக்கு நடுவே, 1646-இல் நாடாளுமன்றமே அந்த நீதிமன்றத்தை மூடியது. 1660-இல் இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்தபோது பிரச்சினை மீண்டும் எழுந்தது. பழைய வருமானத்துக்கு ஈடாக மன்னருக்கு ஆண்டுக்கு 1,00,000 பவுண்டு வேண்டும். யார் தலையில் கட்டுவது?

பலன் பெறுகிற நிலவுடைமையாளர்கள் தலையில்தான் கட்டியிருக்க வேண்டும். நிலத்தின் மீது வரி போடும் யோசனையும் பேசப்பட்டது. ஆனால் சபையில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? நிலவுடைமையாளர்கள்தாம். பீர், சைடர், காப்பி, தேநீர், சாக்லேட் மீது கலால் வரி போட்டு ஈடுகட்ட முடிவாயிற்று. பிரபுக்களை விடுவித்துவிட்டுக் குடித்தனக்காரர் எல்லார் மீதும் சுமையை ஏற்றுவதா என்று சபை உறுப்பினர் வில்லியம் பிரின் எதிர்த்தார். எடுபடவில்லை. வெறும் இரண்டு வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. பீர் அன்று ஏழை வீட்டு அன்றாடப் பானம். எனவே மன்னரின் பழைய உரிமைகளை ஒழித்த இந்த 1660 சட்டத்தை விடுதலைச் சட்டம் என்று கொண்டாடும் வரலாற்று நூல்களை என்னால் ஏற்க முடியவில்லை. மேலே இருந்தவர்கள் தங்கள் பாரத்தைக் கீழே இருந்தவர்கள் முதுகுக்கு மாற்றினார்கள்; நடந்தது அதுதான்.

இன்னொன்றும் உண்டு. மன்னருக்குச் செலுத்த வேண்டியதை ஒழித்துக்கொண்ட அதே பிரபுக்கள், தங்களுக்குக் குடியானவர்கள் செலுத்த வேண்டியதில் கைவைக்கவில்லை. 'காப்பிஹோல்ட்' என்ற முறையில் நிலம் வைத்திருந்த குடியானவர் இறந்தால், வீட்டிலிருக்கும் நல்ல மாட்டை, அல்லது அதன் விலையை, பண்ணைப் பிரபுவுக்குக் கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. 1660 சட்டம் அந்த வழக்கத்தைத் தொடாமலே விட்டது. காப்பிஹோல்ட் முறை முடிவுக்கு வந்தது 1926 ஜனவரி 1 அன்றுதான்.

(தொடரும்)