அடிச்சேலைப் பஞ்சம்

தம்பி வீட்டை இடித்துக் கட்டப்போகிறான் என்றதும், பரணில் கிடந்த அப்பத்தாவின் தகரப்பெட்டி என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. "அக்கா, உனக்குத்தான் துணின்னா உசுரு. வேணுங்கிறத எடுத்துக்கிட்டு மிச்சத்தத் தூக்கிப் போட்டுரு" என்றான். உள்ளே ஒரு வெற்றிலைப் பெட்டி, பூச்சி அரித்த சுருக்குப் பை. அடியில், வேட்டித் துணியில் சுற்றிய ஒரு பொதி. பிரித்தேன். நாலு முழ நீளம், மூணு முழ அகலத்தில் துண்டுத்துணிகளை இணைத்துக் கையால் தைத்த விரிப்பு. மேல்பக்கம் மட்டும்தான். அடித்துணி இல்லை, நடுவில் அடுக்கும் இல்லை. பின்பக்கம் முடிச்சுகளும் நூல் வால்களும் அப்படியே தொங்கின. கடைசி வரிசையில் ஊசி குத்தியபடி இருந்தது. துருவேறித் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்பத்தா எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. உரலில் போட்ட நெல்லை விட்டுவிட்டுச் சாவு வீட்டுக்குக்கூடப் போகமாட்டாள். அவள் இதை மட்டும் ஏன் முடிக்காமல் மடித்து வைத்தாள்?

நான் திண்டுக்கல் பக்கம் அகரத்தில் நாற்பது வருஷத்துக்கும் மேலாக ரவிக்கை தைக்கிறவள். துணியைத் தொட்டால் அதன் வயது ஓரளவுக்குப் பிடிபடும். அன்று ராத்திரி விளக்கடியில் விரிப்பைப் போட்டுக்கொண்டு, துண்டு துண்டாகப் பார்த்தேன்.

முதலில் தோன்றியது இதுதான். துண்டுத்துணி என்பதே நம் ஊரில் ஒரு புதுச் சரக்கு. சேலைக்கு வெட்டு இல்லை. தறியிலிருந்து இறங்கினால் நேரே இடுப்புக்கு ஏறிவிடும். வேட்டி, துண்டு, கோவணம் எதற்கும் கத்தரி வேண்டாம். சட்டையும் ரவிக்கையும் பாவாடையும் ஊருக்குள் வந்த பிறகுதான் தரையில் துண்டு விழ ஆரம்பித்தது. அமெரிக்காவில் சிங்கர் தன் தையல் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1851இல். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அது இந்திய நகரங்களுக்கு வந்துவிட்டது. 1930களில் கல்கத்தாவில் உஷா மிஷின் தயாராகத் தொடங்கியது. நான் பிறந்தபோது எங்கள் தெருவிலேயே ஒரு திண்ணையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பேகம்பூரிலிருந்து சைக்கிளில் வருகிற டெய்லர் பாய் அங்கே உட்கார்ந்து தைப்பார். சாயங்காலம் அவர் கடையைக் கூட்டுகிற நேரம் பார்த்து அப்பத்தா ஓலைக்கொட்டானோடு போய் நிற்பாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்பத்தா கடைசி வரை ரவிக்கை போட்டதில்லை. கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்துக் கட்டி, முந்தானையை இழுத்துச் செருகினால் அவளுக்குப் போதும். தன் உடம்பில் தைத்த துணி ஒன்றுகூட ஏறாத மனுஷி, ஊரார் ரவிக்கையில் விழுந்ததையெல்லாம் சேர்த்துத் தைத்திருக்கிறாள்.

ரவிக்கைக்குக் கழுத்து வெட்டும்போது பிறை மாதிரி ஒரு துண்டு விழும். அகலமும் இருக்காது, நேர் ஓரமும் இருக்காது. எங்கள் தொழிலில் அதைக் கண்டால் காலால் தள்ளிவிடுவோம். அப்பத்தா அந்தப் பிறைகளை இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து, வெள்ளைத் துண்டின்மேல் முழு நிலாவாகப் பதித்திருந்தாள். எண்ணினேன், இருபத்திரண்டு நிலா. ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்த மடிப்பு எள்ளளவுதான் இருக்கும்.

மற்ற துண்டுகளில் எங்கள் வட்டாரமே கிடந்தது. அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட சுங்குடித் துண்டு. மதுரையில் சௌராஷ்டிரர்கள் துணியை நூலால் முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்கி எடுத்த கைவேலை அது. 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. பச்சையில் சிவப்புக் கரை போட்டு, மினுக்கம் போகாத செயற்கைப் பட்டுத் துண்டு ஒன்று. அது சின்னாளப்பட்டித் தறியில் நெய்தது. நிஜப் பட்டுக்கு வழியில்லாத எத்தனையோ கல்யாணங்கள் அந்தச் சேலையில்தான் நடந்தன. என் அத்தை கல்யாணமும் அப்படித்தான். முரட்டு வெள்ளையாக இருந்தது கதர். 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளப்பட்டி பக்கம் காந்திகிராமம் தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ராட்டைச் சத்தம் கேட்டது. அப்பத்தாவின் தங்கை அங்கே நூல் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கியவள்.

கதர் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 1921 செப்டம்பர் 22ஆம் தேதி, மதுரை மேலமாசி வீதியில்தான் காந்தி மேல்சட்டையைக் களைந்து முழத்துண்டுக்கு மாறினார். கதர் வாங்க எங்களிடம் ஏது காசு என்று ஏழைகள் கேட்ட கேள்விக்கு அவர் தன் உடம்பால் சொன்ன பதில் அது. இது எங்கள் ஊருக்கு எட்டுகிற தூரத்தில் நடந்தது. அந்தத் தலைமுறைக்குத் துணி என்றால் சாதாரணச் சாமான் இல்லை. யுத்த காலத்தில் 1943இல் அரசாங்கம் நூலுக்கும் துணிக்கும் கட்டுப்பாட்டு ஆணை போட்டது. அந்தக் 'கண்ட்ரோல் துணி'க்கு வரிசையில் நின்ற கதையை அப்பத்தா சாகிறவரை சொல்வாள். "கட்டியிருக்கிறது காயுறவரைக்கும் வீட்டுக்குள்ளேயே குத்தவச்சு உக்காந்திருப்போம்டி."

ஆகவே பழந்துணி யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்ததே கிடையாது. கிழிவதற்கு முன்பே அதற்குப் பாத்தியதை பேசி வைத்திருப்பார்கள். நல்ல மெது வந்த சேலை என்றால் முதல் உரிமை பிறக்கப்போகிற பிள்ளையின் தூளிக்கு. மருத்துவச்சிக்கு ஒன்று. அடுத்தது வீட்டுப் பெண்களின் மாதத் துணிக்கு. கிழிந்ததில் விளக்குக்குத் திரி, அடுப்படியில் கைப்பிடித் துணி. அதற்கப்புறமும் மிஞ்சினால், பூம்பூம் மாட்டுக்காரர் வாசலில் வந்து நிற்பார். மாடு தலையை ஆட்டும். கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த மாட்டின் முதுகைப் பார்த்திருக்கிறீர்களா? ஊர் ஊராக வாங்கிய துணியெல்லாம் அதன்மேல் ஒட்டாகத் தொங்கும். நான் முதன்முதலில் பார்த்த ஒட்டுத்துணி வேலை அதுதான்.

இதெல்லாம் போகத்தான் மெத்தை. எங்கள் வீட்டில் அதற்குத் 'துணி மெத்தை' என்றே பெயர். எங்கள் சமவெளி வெயிலுக்குப் போர்த்திக்கொள்ள எதற்கு? பிள்ளை பெற்றவளுக்கும் பச்சைப் பிள்ளைக்கும் வயசாளிக்கும் பாய்மேல் விரிக்கத்தான். அடியில் முழுசாக ஒரு பழைய நூல் சேலையை மடித்துப் போட வேண்டும், நடுவில் இரண்டு வேட்டி, மேலே ஒட்டுத்துணி, எல்லாம் சேர்த்து ஓட்டுத்தையல். பார்க்கிறவர் கண் மேல்துணியில்தான் நிற்கும். ஆனால் உடம்புச் சூட்டையும் வியர்வையையும் பிள்ளையின் மூத்திரத்தையும் வாங்கிக்கொள்வது அடிச்சேலையும் அடுக்கும்தான்.

மற்ற ஊர்களிலும் கணக்கு இதுவேதான். வங்கத்துக் 'காந்தா' மூன்று நான்கு பழஞ்சேலைகளின் அடுக்கு. தைக்கிற நூலையே சேலைக் கரையிலிருந்து உருவிக்கொள்வார்கள். வடகன்னடத்தில், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் தைக்கும் 'கவந்தி'க்கும் அடியில் ஒரு பழைய சேலை விரிப்பார்கள். அதன்மேல் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே போவார்கள். காந்தாவுக்கும் நம் கந்தைக்கும் ஒரே வேர், வடமொழிக் 'கந்தா'. அதற்கு ஒட்டுப்போட்ட துணி என்றுதான் பொருள். பழமொழி கசக்கிக் கட்டச் சொன்னது அந்தக் கந்தையைத்தான். மகத நாட்டு வயல்களும் வரப்புகளும் கிடக்கிற அழகைக் காட்டி, அதுபோல் துண்டு துண்டாக இணைத்துத் துறவிகளுக்கு ஆடை செய்யும்படி ஆனந்தரிடம் புத்தர் சொன்னதாகப் பௌத்த விநய நூல் கூறுகிறது. ஒட்டுத்துணிக்கு அவ்வளவு பழைய மரியாதை இருந்திருக்கிறது.

சரி, ஊசி நின்ற இடத்துக்கு வருகிறேன். கடைசி வரிசையில், ஊசியை ஒட்டி, ஊதாவில் பெரிய பூப்போட்ட ஒரு துண்டு இருந்தது. தொட்டதுமே விரல் வழுக்கியது. சந்தேகம் தீர ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் போல எரிந்து, ஊதினால் பறக்கிற சாம்பலாகும். இது சுருண்டு, உருகி, கெட்டி மணியாக உறைந்தது. நைலக்ஸ்!

அப்புறம் எல்லாம் விளங்கியது. நைலக்ஸ் சேலை எங்கள் ஊருக்குள் வந்தது 1970களில். கஞ்சி வேண்டாம், இஸ்திரி வேண்டாம். துவைத்து உதறினால் காய்ந்துவிடும். வயலுக்குப் போகிறவளுக்கும் மில் வேலைக்குப் போகிறவளுக்கும் அது எவ்வளவு பெரிய விடுதலை என்பது எனக்குத் தெரியும். அம்மா மாறினாள், அத்தைகள் மாறினார்கள். ஆனால் அந்தச் சேலை பழசானாலும் மெது வராது. பத்து வருஷம் கட்டினாலும் ஈரத்தை உறிஞ்சாது. அடுக்கினால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். விரித்துப் படுத்தால் முதுகு வெந்துபோகும்.

மிச்சமிருந்த நூல் சேலைகளைக் கொண்டுபோக இன்னொருவர் வந்தார். தலையில் கூடையோடு, "பழைய துணிக்குப் பாத்திரம்!" முதலில் பிளாஸ்டிக் குடம், அப்புறம் எவர்சில்வர். 1980களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலையில் எவர்சில்வர் தகடு தயாராக ஆரம்பித்தது. எவர்சில்வர் தட்டு இல்லாத வீடு கௌரவமில்லாத வீடு என்றானது. நாலு சேலைக்கு ஒரு தூக்குவாளி. எங்கள் அம்மா அதில் கெட்டிக்காரி. பேரம் பேசி மூடியும் சேர்த்து வாங்குவாள். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் சொன்னதில்லை. அவள் ஆசைப்பட்டு எதிர்பார்த்திருந்த அடிச்சேலைதான் தூக்குவாளியாக அடுப்படிக்குள் போனது என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

துண்டுக்கு என்றுமே பஞ்சமில்லை. மிஷின் பெருகப் பெருகத் துண்டும் பெருகியது. இன்று என் கடையிலேயே மாதத்துக்கு ஒரு கோணி விழுகிறது. பஞ்சம் அடிச்சேலைக்குத்தான். மறந்துபோயோ முடியாமலோ அவள் நிறுத்தவில்லை. தைத்து வைத்ததை விரிக்க அடியில் துணி வரவில்லை; அதனால் மடித்து வைத்துவிட்டாள்.

நான் முடிப்பது என்று ஆனதும் எனக்கும் அதே பஞ்சம் வந்தது. எங்கள் தெருவில் பதினோரு வீட்டில் கேட்டேன். "நூல் சேலையா? அம்மா இருந்தப்ப இருந்துச்சு" என்றார்கள். ஒருத்தி ரேஷன் கடையில் பொங்கலுக்குக் கொடுத்த இலவசச் சேலையை எடுத்து வந்தாள். 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய திட்டம். நெசவாளிக்கு வேலை, ஏழைக்குப் புதுத்துணி. ஆனால் அவள் கொண்டுவந்ததைக் கசக்கினால் சுருக்கம் நிற்கவில்லை. பருத்தியோடு பாலியஸ்டர் கலந்தது. கடைசியில் என் பெட்டியையே திறந்தேன். மகள் வளைகாப்புக்குச் சின்னாளப்பட்டியில் எடுத்த சுங்குடி. பதினாலு வருஷம் கட்டி, முந்தானைப் பக்கம் நூல் விட்டு, பூனைக்குட்டி முதுகு மாதிரி மெத்தென்று இருந்தது.

கூடத்தில் அதை விரித்து, நாலு மூலையிலும் குழவியும் படியும் வைத்து இழுத்துப் பிடித்தேன். மேலே என் வீட்டுக்காரரின் பழைய வேட்டி இரண்டு. அதன்மேல் அப்பத்தாவின் துணி. ஊசியைத் துணி கிழியாமல் எண்ணெய் தொட்டு உருவினேன். இரண்டு துருப்புள்ளி நின்றுவிட்டது. அந்த நைலக்ஸைப் பிரிக்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அவள் தைத்தது, இருக்கட்டும். மிஷினில் தைத்தால் அரை நாள் வேலை. ஆனால் அடுக்கு சுருண்டுவிடும். நடுவிலிருந்து வெளியே போகிற மாதிரி கையாலேயே ஓட்டுத்தையல் போட்டேன். பதினாறு நாள் ஆனது. கடைசியில் சுங்குடியின் கரையை மேலே மடித்துக் கொண்டுவந்து நாலு பக்கமும் தைத்ததும் அதுவே சட்டமாக அமைந்துவிட்டது.

பேத்தி வந்து பார்த்துவிட்டு, "அம்மாச்சி, கடையில கெடக்கிற துண்டுல எனக்கும் ஒண்ணு தச்சுக் குடு" என்றாள். சரி என்று மேல்துணியை ஆரம்பித்துவிட்டேன். கழுத்துப் பிறைகளை இப்போது காலால் தள்ளுவதில்லை. அதற்கென்று ஒரு டப்பா வைத்திருக்கிறேன்.

போன வாரம் சின்னாளப்பட்டிக்குப் போய் ஒரு புதுச் சுங்குடி எடுத்து வந்தேன், கலப்பில்லாத நூல் சேலை. கஞ்சி மொடமொடப்பு இன்னும் போகவில்லை. நடந்தால் சத்தம் போடுகிறது. "இந்த வயசுல புதுச்சேலையா?" என்று தம்பி கேலி செய்தான். அடிச்சேலை கடையில் கிடைக்காதுடா, கட்டிக் கட்டித்தான் உண்டாக்கணும் என்றேன். பத்து வருஷமாவது ஆகும். இன்றைக்கு அதைத்தான் கட்டியிருக்கிறேன்.