கத்தியும் கைப்பேசியும்

தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்பது தமிழர் பழமொழி. பிள்ளை எப்பொழுது பெரியவன் ஆகிறான் என்னும் வினாவுக்கு அப்பழமொழி ஆண்டுக் கணக்கில் விடை கூறவில்லை. தந்தையின் தோளையே அளவுகோலாக வைத்தது. ஆட்சியாளரின் சட்டங்களோ வயதை அளவுகோலாகக் கொண்டன. வறுமைக்கு எந்த அளவுகோலும் இல்லை. பிள்ளையின் கையில் எதனை எப்பொழுது கொடுக்கலாம் என்னும் முடிவைத் தோளும் வயதும் வறுமையும் தத்தம் பக்கம் இழுத்த கதையே மலேசியத் தோட்டப்புறச் சிறாரின் வரலாறு. இன்று கைப்பேசியை முன்வைத்துப் பெற்றோர் எழுப்பும் வினாவும் அவ்வரலாற்றின் தொடர்ச்சியே ஆகும்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பான் நகரை ஒட்டி அமைந்தது ராசா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மாநிலமெங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பரவியபொழுது, கங்காணிகள் வழியாகத் தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் லயங்களில் குடியேறின. குளிர்ந்த வேளையில்தான் பால் மிகுதியாக வடியும். ஆதலால் பொழுது புலருமுன் பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறுமுன் மரம் வெட்டி முடிப்பது அவர்தம் வாழ்க்கை முறையாயிற்று.

அத்தோட்டங்களில் ஒரு நெறி இருந்தது. ரப்பர்க் கன்றை நட்டு ஆறேழு ஆண்டுகள் சென்றனவென்று மட்டும் எண்ணி அதன் பட்டையில் கத்தி வைப்பதில்லை. தண்டின் சுற்றளவை நாடாவால் அளப்பர். குறித்த உயரத்தில் அது ஏறக்குறைய 45 முதல் 50 செண்டிமீட்டர்வரை பருத்திருத்தல் வேண்டும். அங்ஙனம் பருத்த மரங்களே மிகுதி என்று கண்ட பின்னரே அந்நிரையில் பால்வெட்டு தொடங்கும். இளந்தண்டில் முந்திக் கத்தி வைத்தால் மரத்தின் வளர்ச்சி குன்றும் என்பதைத் தோட்ட நிருவாகம் நன்கு அறிந்திருந்தது. 1925ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இத்தகைய அளவுகளையெல்லாம் ஆய்ந்து வகுத்தது.

மரத்துக்கு இத்துணைப் பொறுமை காட்டிய தோட்டம், மரத்தடியில் நின்ற பிள்ளைக்கு எத்துணைப் பொறுமை காட்டியது?

நெகிரி செம்பிலானையும் உள்ளடக்கிய கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் கட்டளை. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல தோன்றக் காரணமான சட்டம் அது. ஆயின், பள்ளிக்குரியதென்று குறிக்கப்பெற்ற அதே வயதில்தான் சிறார் கைகள் வேலைக்கும் அழைக்கப்பட்டன. 1920களின் இறுதியில் முதன்மையான தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலியாக வகுக்கப்பட்டபொழுது, சிறாருக்கு அதனினும் குறைந்த கூலி இருந்தது. ஒட்டுப்பால் பொறுக்குதல், புல் பிடுங்குதல், மங்குகளைத் துடைத்துக் கவிழ்த்தல் ஆகியவற்றைச் சிறுவர் செய்தனர். மூத்த பெண்பிள்ளையோ வீட்டில் கைக்குழந்தையைக் காத்து நின்றாள். அவள் ஆயத்தமாயிருந்தாளா என்று கேட்டவர் இலர். தாய் மலைக்குச் செல்லவேண்டியிருந்தது என்பதே அதற்குரிய விடை.

பின்னர்ச் சட்டம் மெல்ல மெல்லப் பிள்ளையின் பக்கம் நகர்ந்தது. 1966ஆம் ஆண்டின் சிறார், இளையோர் வேலைச் சட்டம் 14 வயது நிரம்பாதோரைச் சிறார் என வரையறுத்தது. எனினும் குடும்பத் தொழிலில் இலேசான வேலைகளுக்கு இடங்கொடுத்தது. 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சிறார் வரம்பு 15 வயதாக உயர்ந்தது. கத்தியைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கிவைக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. அதற்குள் ராசாவைச் சூழ்ந்திருந்த தோட்ட நிலங்களிற் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன.

கத்தி அகன்ற கையில் கைப்பேசி வந்து சேர்ந்தது. 1985ஆம் ஆண்டில் ஏத்துர் 450 என்னும் பெயரில் மலேசியாவில் நடமாடும் தொலைபேசிச் சேவை தொடங்கியபொழுது, அது செல்வர்தம் கருவியாகவே இருந்தது. பின்னர் விலை தாழ்ந்து, இணையமும் இணைந்து, எளியோர் இல்லங்களிலும் புகுந்தது. பள்ளி வளாகத்துள் மாணவர் அதனைக் கொண்டுவருதல் நெடுநாள் தடைசெய்யப்பட்டிருந்தது. 2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பள்ளி தடுத்த கருவியே பள்ளியாயிற்று. கல்வி அமைச்சு அவ்வாண்டு மேற்கொண்ட கணக்கெடுப்பில், 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எவ்வகை மின்னியல் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. ஏறத்தாழ 46 விழுக்காட்டினர்க்குத் திறன்பேசி இருந்தது. தந்தை வேலை முடிந்து கைப்பேசியோடு திரும்பும்வரை பிள்ளைகள் பாடத்திற்குக் காத்திருந்த இல்லங்கள் பல. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கைப்பேசி தகுமா என்று ஆராய அன்று எவர்க்கும் அவகாசம் இல்லை. பெண்பிள்ளையின் இடுப்பில் குழந்தையை ஏற்றிவைத்த அதே தேவை, பிள்ளையின் கையில் கைப்பேசியையும் வைத்தது.

இப்பொழுது உலக நாடுகள் மீண்டும் வயதைத் தேடுகின்றன. பிரான்சு 2018இல் 15 வயது வரையிலான மாணவர்க்குப் பள்ளியில் கைப்பேசியைத் தடுத்தது. ஆஸ்திரேலியாவில் 16 வயது நிரம்பாதோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருத்தல் 2025 டிசம்பர் 10 முதல் தடுக்கப்பட்டது. மலேசிய அரசும் அவ்வயதையே வரம்பாகக் கொள்ளும் முடிவை 2025இல் அறிவித்தது. பல நிறுவனங்கள் கைக்கொண்ட 13 வயது என்னும் எண்ணோ, சிறாரின் தனிச்செய்திகளைத் திரட்டுவது பற்றி அமெரிக்கா 1998இல் இயற்றிய சட்டத்தினின்று வந்தது. பிள்ளையின் மனமுதிர்ச்சியை அளந்து கண்ட எண் அன்று.

வயதுச் சட்டம் வேண்டுவதே. அஃதின்றேல் வலியோர் விருப்பமே சட்டமாகும் என்பதைத் தோட்ட வரலாறு காட்டுகிறது. ஆயினும் சட்டம் வேலி மட்டுமே; வேலிக்குள் நிற்கும் மரத்தைச் சுற்றி நாடாவைப் பிடித்து அளப்பவர் பெற்றோரும் ஆசிரியரும் ஆவர். வை என்றவுடன் பிள்ளை கருவியைக் கீழே வைக்கிறதா? அறியாதவர் இனிய சொல்லோடு அணுகினால் ஐயுறுகிறதா? தவறு நேர்ந்தவிடத்து மறைக்காமல் வந்து கூறுகிறதா? இவையே அந்நாடாவின் அளவுகள். ஒரே வயதினரான இரு பிள்ளைகளிடத்தும் இவ்வளவுகள் வேறுபடும்.

பால்வெட்டுப் பழகுவோர்க்கு இளமரத்தை முதலிற் கொடுப்பதில்லை. வெட்டி அகற்றவிருக்கும் முதிய மரங்களில், பழகிய ஒருவர் உடன்நிற்க, கையைத் தேர்ச்சிப்படுத்துவர். கத்தி பட்டையைக் கடந்து உள்ளே பட்டுவிட்டால் மரம் மாண்டுபோவதில்லை. ஆனால் அவ்விடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும். ஆண்டுகள் கழித்து மீண்டும் அவ்விடத்திற்குக் கத்தி வரும்பொழுதே அந்தப் புண்ணின் விலை தெரியும். வீட்டுக் கூடத்தில், பெரியோர் கண்பார்வையில், பொதுக் கைப்பேசியில் தொடங்கும் பழக்கமும் அத்தகைய முதிய மரமே எனலாம்.

மரத்தின் பருமனை அளந்த தோட்டம் பிள்ளையின் பருவத்தை அளக்க மறந்தது. அம்மறதியின் விலையைப் பல தலைமுறைகள் செலுத்தின. அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு இன்று எழுத்தறிந்த பெற்றோர் உளர். பயிற்சி பெற்ற ஆசிரியர் உளர். அளக்கும் நாடா அவர்கள் கையில் இருக்கிறது. தேவையும் அண்டைவீட்டாரைக் கண்ட ஆசையும் முடிவெடுக்குமுன், அளந்து பார்த்து முடிவெடுப்பது அவர்தம் கடனாகும்.