கோழிக்கு வந்த சண்டை, கெப் வண்டிக்கு விழுந்த வரி: நம்ம ஊர் லொறிகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

தலாத்துஓயா பக்கமிருந்து அம்பிட்டிய வழியாகக் கண்டிக்குச் சாமான் ஏற்றி இறங்கும் வண்டிகளைக் கவனித்திருப்பீர்கள். இசுசு எல்ஃப், மிட்சுபிஷி கென்டர், டொயோட்டா, இடைக்கிடை டாட்டா பட்டா. கொஞ்சம் வசதியானவர்களிடம் ஒரு டபுள் கெப். அத்தனையும் ஜப்பான் பெயர், அல்லது இந்தியப் பெயர்.

வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டார்: "சேர், காரை மலிவாச் செய்யப் பழக்கினதே ஃபோர்ட் எண்டு பாடத்தில இருக்கு. அப்போ ஏன் எங்கட ரோட்டில அமெரிக்க லொறி ஒண்டும் இல்ல?"

நியாயமான கேள்வி. 1908இல் மொடல் டி காரை வெளியிட்டு, 1913இல் ஓடும் கோர்வையில் வைத்துப் பூட்டும் முறையைக் கொண்டுவந்தது ஃபோர்ட் கம்பனி. அந்த நாட்டு வண்டி இங்கே இல்லாமல் போனதற்கு ஒரு கதை இருக்கிறது. இன்று நம்ம ஊரில் பலருக்கும் வயிற்றுப்பாட்டோடு சம்பந்தப்பட்ட ஒரு விவாதத்துக்கும் அந்தக் கதை உதவும். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. அன்றிலிருந்து தேநீர்க் கடையில் இரண்டு பேச்சு. "விடவே படாது, அப்பதான் நம்ம நாட்டுலயும் ஒண்டு செய்வாங்க" என்பது ஒன்று. "வரியக் குறைச்சா போதும், எல்லாம் சரியாகும்" என்பது மற்றது. இரண்டையும் வரலாற்றில் வைத்துப் பார்ப்போம்.

*அமெரிக்க வண்டி இங்கே இருந்தது*

இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. அந்தக் காலத்துப் படைகளோடு வந்த அமெரிக்க வண்டிதான் ஜீப். இன்றுவரை எந்தக் கம்பனி செய்தாலும் அந்த உருவத்தில் இருப்பதை நாம் "ஜீப்" என்றுதான் சொல்கிறோம்.

அதைவிட முக்கியமானது பெட்ஃபர்ட் லொறி. நம் வாப்பாமார், மூத்த வாப்பாமார் காலத்தில் லொறி என்றாலே பெட்ஃபர்ட்தான் ஞாபகம் வரும். அதை எல்லோரும் வெள்ளைக்காரன் லொறி, இங்கிலாந்து லொறி என்பார்கள். செய்தது இங்கிலாந்தில்தான். ஆனால் செய்த வொக்ஸ்ஹோல் கம்பனியை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் 1925இலேயே வாங்கிவிட்டது. பெட்ஃபர்ட் என்ற பெயர் 1931இல் வந்தது. அதாவது நம் மலை நாட்டில் சாமான் சுமந்த பெட்ஃபர்டின் இலாபம் கடைசியில் போய்ச் சேர்ந்தது அமெரிக்கக் கம்பனிக்கு.

அந்த இடத்தை இசுசு, மிட்சுபிஷி பிடித்தது ஏன்? சில காரணங்கள் மிகச் சாதாரணமானவை. ஜப்பானில் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங் வலப்பக்கம். அமெரிக்காவில் நேர்மாறு. அமெரிக்காவுக்குள் விற்கவென்று செய்யும் பிக்கப் அகலமானது, பெரிய பெற்றோல் எஞ்சின். நம்ம வளைவுகளில் எதிரே ஒரு பஸ் வந்தால் அதை எங்கே ஒதுக்குவது? எண்ணெய்ச் செலவை யார் கட்டுவது? ஜப்பான்காரன் குறுகிய தெருவுக்கும் விலையேறிய எண்ணெய்க்கும் ஏற்ற வண்டியைத் தன் நாட்டுக்காகவே செய்துகொண்டிருந்தான். அது நமக்கும் பொருந்திவிட்டது.

ஆனால் சிறிய வண்டி செய்ய அமெரிக்காவுக்குத் தெரியாதா? தெரியும். செய்ய வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு வரவில்லை. அங்கேதான் கோழி வருகிறது.

*கோழி வரி*

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணைக் கோழி மிக மலிவாக ஐரோப்பாவுக்குப் போனது. மேற்கு ஜேர்மனி, பிரான்ஸ் விவசாயிகள் கூக்குரலிட, 1962இல் ஐரோப்பியப் பொதுச் சந்தை அந்தக் கோழிக்குக் கடும் வரி போட்டது. பேச்சுவார்த்தை பலிக்கவில்லை. 1963 டிசம்பரில் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் பதிலுக்கு நான்கு பொருட்களுக்கு 25 வீத வரி போட்டார்: உருளைக்கிழங்கு மா, டெக்ஸ்ட்ரின் என்ற பசைப்பொருள், பிராந்தி, சிறிய லொறிகள். கடைசியில் சொன்னது ஜேர்மனியின் வொக்ஸ்வேகன் வான், பிக்கப் வண்டிகளைக் குறிவைத்தது.

கோழிச் சண்டை மறந்துபோயிற்று. மற்ற மூன்று பொருட்களின் வரியும் பிற்பாடு நீங்கிற்று. சிறிய லொறி மீதான 25 வீதம் மட்டும் நின்றுவிட்டது. சாதாரணக் காருக்கு அமெரிக்கா நெடுங்காலம் அறவிட்டது 2.5 வீதம்தான். பத்து மடங்கு வித்தியாசம்.

இந்த மதிலைத் தாண்ட எல்லோரும் வழி தேடினார்கள், அமெரிக்கக் கம்பனிகள் உட்பட. 1971இல் இசுசுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாங்கிய ஜெனரல் மோட்டர்ஸ், இசுசு செய்த சிறு பிக்கப்பை 1972 முதல் செவர்லே என்ற பெயரில் விற்றது. ஃபோர்ட், மஸ்டா செய்ததை "கூரியர்" என்று விற்றது. பெட்டி பூட்டாமல் வெறும் செசியும் முன் கூடுமாகக் கொண்டுவந்தால் வரி 4 வீதம். பெட்டியைத் துறைமுகத்துக்கு வெளியே பூட்டிக்கொண்டார்கள். 1980இல் அந்த ஓட்டையை அரசு அடைத்தது. சுபாரு கம்பனி தன் பிக்கப்பின் பின்பெட்டிக்குள் இரண்டு பிளாஸ்டிக் ஆசனத்தை வைத்து, "இது லொறி இல்லை, ஆள் ஏறும் வண்டி" என்றது!

இதிலும் வேடிக்கையானது ஃபோர்டின் கதை. துருக்கியில் செய்த தன் சிறிய வானைப் பின் ஆசனங்களோடு இறக்கி, கார் வரி கட்டி, பிறகு ஆசனங்களைக் கழற்றிச் சாமான் வானாக விற்றது. சுங்கத்தோடு நீண்டகாலம் வழக்காடிய பின் 2024இல் 365 மில்லியன் டொலர் கட்ட ஒப்புக்கொண்டது. தன்னைக் காக்கும் மதிலில் தானே முட்டிக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

*மதிலுக்குள் நடந்தது*

அமெரிக்கப் பெரிய பிக்கப் மோசமான வண்டி அல்ல. ஃபோர்டின் எஃப் வரிசை 1977 முதல் அந்நாட்டில் அதிகம் விற்கும் பிக்கப். அந்த ஊர்ப் பண்ணைக்கும் பாதைக்கும் பொருத்தமானது, மக்களுக்கும் விருப்பம். ஆனால் வெளிப்போட்டி குறைந்த அந்த ஒரு பிரிவில் இலாபம் கொட்டியதால், மூன்று பெரிய கம்பனிகளின் கவனமும் அதிலேயே குவிந்தது. வரி குறைந்த கார் பிரிவிலோ டொயோட்டாவும் ஹொண்டாவும் ஆண்டுக்கு ஆண்டு முன்னேறின.

2008இல் மசகெண்ணெய் ஒரு பீப்பாய் 147 டொலரைத் தொட்டது. அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் அதிகம் விற்ற வாகனம் ஃபோர்ட் பிக்கப் அல்ல, ஹொண்டா சிவிக். பிறகு நிதி நெருக்கடியும் சேர்ந்தது. 2009 ஏப்ரல் 30 கிரைஸ்லர், ஜூன் 1 ஜெனரல் மோட்டர்ஸ் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தன. ஓய்வூதியச் சுமை, கடன் என்று வேறு காரணங்களும் உண்டு, எல்லாப் பழியையும் கோழி வரியில் போட முடியாது. ஆனாலும் ஒரு சந்தையில் மட்டும் சுகமாக வாழ்ந்தவனுக்கு அந்தச் சந்தை ஆடும்போது ஒதுங்க இடமில்லை.

ஜப்பான்காரரும் சும்மா இருக்கவில்லை. மதிலுக்குள்ளேயே போய்த் தொழிற்சாலை போட்டார்கள். நிசான் 1983இல் டென்னசி மாநிலத்தின் ஸ்மெர்னாவில் திறந்த தொழிற்சாலையிலிருந்து முதலில் வெளிவந்தது ஒரு பிக்கப் வண்டி.

இன்று கண்டியில் "ஃபோர்ட் ரேஞ்சர்" கெப் ஒன்றைக் கண்டால், அது அமெரிக்கப் பெயர்தான். ஆனால் பெரும்பாலும் தாய்லாந்தில் செய்தது. ஹைலக்ஸ், டிமெக்ஸ் எல்லாம் உருவாகும் அதே நாட்டில், அதே போட்டிக்கு நடுவில் வளர்ந்தது.

*பட்டா வந்த வழி*

இனி இந்தியா. அங்கேயும் இறக்குமதி வரி மிகக் கடுமை. அந்த மதிலுக்குள் 1950களின் இறுதியில் மொரிஸ் ஒக்ஸ்ஃபோர்டைப் பார்த்துச் செய்த அம்பாசடர் கார், பெரிய மாற்றமில்லாமல் 2014 வரை வந்தது. கடும் போட்டி இல்லை, அவசரமும் இல்லை. 1983 டிசம்பரில் சுசுகியோடு சேர்ந்து மாருதி 800 வந்ததும் அதன் ஆட்சி சரியத் தொடங்கியது.

ஆனால் அதே நாட்டில் லொறிக் கதை வேறு மாதிரி. 1980களில் இந்திய அரசு சிறிய லொறி செய்ய நான்கு ஜப்பானியக் கூட்டு முயற்சிகளை உள்ளே விட்டது: டொயோட்டா, நிசான், மஸ்டா, மிட்சுபிஷி. நான்கும் உலகப் பெரும் பெயர்கள். "டாட்டாவின் கதை முடிந்தது" என்று பலரும் நினைத்திருப்பார்கள். டாட்டா வெளியாரிடம் வடிவமைப்பு வாங்கவில்லை. தன் சொந்தப் பொறியியலாளர்களை வைத்து 1986இல் 407 என்ற லொறியை இறக்கியது. அந்தப் பாதைகளுக்கும், அந்த ஊர் அதிக பாரத்துக்கும், அந்த ஊர் மெக்கானிக்குக்கும் ஏற்ற வண்டி. யென் பெறுமதி ஏறியதால் ஜப்பான் பாகங்கள் விலை கூடியதும் டாட்டாவுக்கு வாய்ப்பாயிற்று. சந்தை டாட்டாவின் கைக்கு வந்தது. டொயோட்டாவும் நிசானும் அந்தக் கூட்டுகளிலிருந்து விலகின.

2000-01 நிதியாண்டில் டாட்டாவுக்கு ஏறக்குறைய 500 கோடி இந்திய ரூபா நட்டம். அந்த அடிக்குப் பிறகு, மூன்று சக்கரச் சாமான் வண்டி வைத்திருக்கும் சிறு வியாபாரிக்கு எப்படிப்பட்ட வண்டி வேண்டும் என்று அவர்களிடமே போய்க் கேட்டுச் செய்ததுதான் 2005இல் வந்த டாட்டா ஏஸ். இரண்டு சிலிண்டர், சுமார் 700 சிசி டீசல் எஞ்சின். அது சில ஆண்டுகளில் இலங்கைக்கு "டிமோ பட்டா" என்று வந்தது. இன்று பத்திரிகைகூட "பட்டா ரக வாகனம்" என்று எழுதும் அளவுக்கு ஊர்ச் சொல்லாகிவிட்டது. பாண், மரக்கறி, மீன், புடவை, ஹார்ட்வெயார் என்று சிறிய முதலுள்ள எத்தனை பேரை அது சொந்தக் காலில் நிறுத்தியது!

இந்தியாவில் இரண்டு பேருக்கும் மதில் ஒன்றுதான். அம்பாசடருக்கு உள்ளே நெடுங்காலம் கடும் போட்டி இல்லை, டாட்டாவுக்கு நான்கு எதிரிகள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

*நம்ம நாடு*

நாமும் மதில் கட்டினோம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசு பொருளாதாரத்தைத் திறக்கும்வரை அது நீடித்தது. மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் பெட்ஃபர்டும் இருபது முப்பது வருடம் ஓடின. பாகம் இல்லாத இடத்தில் நம் மெக்கானிக்மார் லேத்தில் கடைந்து பூட்டினார்கள். அந்தக் கைத்திறன் சாதாரணமானதல்ல. ஆனால் அந்தக் காலத்தில் நாட்டில் ஒரு வாகனத் தொழிற்சாலை வேரூன்றவில்லை. உள்ளே வளர்க்க ஒன்றும் இல்லாமல் கட்டிய மதில் அது. 1977க்குப் பிறகு உபாலி விஜேவர்தன மஸ்டா, ஃபியட் பூட்டிப் பார்த்தார். 1983 பெப்ரவரியில் அவர் விமானத்தோடு காணாமல் போனார். கதவு திறந்ததும் ஜப்பானிய வண்டிகள் வெள்ளமாக வந்தன. பழைய கைத்திறன் ரிப்பெயர் கடையோடு நின்றுவிட்டது, அடுத்த படிக்கு ஏறவில்லை.

2020-2025 மூடலுக்கு நியாயமான காரணம் இருந்தது, நாட்டிடம் டொலர் இல்லை. ஆனால் அதைத் "தொழில் வளர்க்கும் திட்டம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஐந்து வருடத்தில் ஒரு பழைய பட்டா வாங்கப் போனவருக்குத் தெரியும், யார் விலை கொடுத்தார்கள் என்று. வசதியானவர் பழைய காரோடு சமாளித்தார். புதிதாகக் கடை தொடங்க நினைத்த இளைஞர் வண்டி விலையைக் கேட்டுத் திரும்பி வந்தார்.

ஆகவே, "வெளிநாட்டு வண்டியை நிறுத்து" என்று பேசும் சகோதரர்களிடம் மூன்று கேள்வி கேட்போம். மதிலுக்குள் காப்பாற்றப்படப் போவது யார்? எவ்வளவு காலத்துக்கு? அதற்குள் அவரோடு போட்டியிடப் போவது யார்? மூன்றுக்கும் பதில் இருந்தால் நல்லது, நானும் ஆதரிப்பேன். பதில் இல்லாவிட்டால் அது வெறும் வரி, கட்டுவது நாம்.

"வரியைக் குறை, எல்லாம் சரி" என்பவர்களுக்கும் ஒன்று. 2022இல் டொலர் இல்லாமல் எண்ணெய்க்கு வரிசையில் நின்றதை மறக்க வேண்டாம். உழைக்கும் லொறிக்கும் பட்டாவுக்கும் ஒரு வரி, சொகுசு ஜீப்புக்கு வேறு வரி என்று தெளிவாகப் பிரித்துக் கேட்பதுதான் நியாயம். ஏற்றுமதி பெருகாமல் எல்லாவற்றையும் திறந்துவிட முடியாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கராஜில் வேலை பழகும் பிள்ளையைத் "படிப்பு ஏறாதவன்" என்று சொல்லாதீர்கள். டாட்டா 407ஐ வரைந்தவர்களும் இரும்போடு பழகியவர்கள்தான். இப்போது ஹைபிரிட், மின்சார வண்டிகள் வந்துவிட்டன, ஸ்பெனரோடு மின்னியலும் வேண்டும். சாதாரண தரம் முடிந்த பிள்ளைகளுக்குத் தொழில்நுட்பக் கல்லூரி, ஜெர்மன் டெக் போன்ற இடங்களில் மோட்டார் பாடநெறிகள் இருக்கின்றன. கேட்டு அனுப்புங்கள். அந்தக் காலத்து மெக்கானிக்மாரின் திறமை ரிப்பெயரோடு நின்றது போல இந்தத் தலைமுறைக்கும் ஆகக் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அம்பிட்டிய, தலாத்துஓயா, கண்டிப் பக்கம் பெட்ஃபர்ட் ஓட்டிய சாரதிமார், அதைத் திருத்திய பாஸ்மார் இன்னும் நம்மிடையே இருந்தால், அவர்களிடம் கேட்டு இரண்டு வரி கீழே எழுதுங்கள். பழைய படம் இருந்தால் போடுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு கொப்பியில் தொகுத்து வைப்போம், இன்ஷா அல்லாஹ். அவர்கள் போய்விட்டால் இந்த வரலாற்றை யாரிடமும் கேட்க முடியாது.