நோர்வே மொழியில் திட்ட நிதியளிப்புச் சொற்கள்

ஒரு பெருந்திட்டம் எதிர்காலத்தில் ஈட்டவிருக்கும் வருவாயை நம்பி அதற்குக் கடன் வழங்கும் முறை திட்ட நிதியளிப்பு எனப்படுகிறது. இத்துறையின் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உருவானவை. நோர்வேயில் இவற்றைத் தாய்மொழியில் சொல்ல வேண்டிய தேவை வடகடல் எண்ணெயுடன் பெருகியது.

1969 இன் இறுதியில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் கண்டறியப்பட்டது. 1971 இல் அங்கு உற்பத்தி தொடங்கியது. அரசு எண்ணெய் நிறுவனமான ஸ்டாட்டாயில் 1972 இல் நிறுவப்பட்டது. நோர்வே மொழி மன்றமும் அதே ஆண்டில்தான் அமைந்தது. அமெரிக்க நிறுவனங்களுடன் துளையிடும் கருவிகள் மட்டுமல்ல, ஆங்கில ஒப்பந்தங்களும் வந்து இறங்கின.

வணிகச் சொற்களைக் கடன் வாங்குவது நோர்வேக்குப் புதிதன்று. ஹன்சா வணிகர்கள் பெர்கன் துறைமுகத்தில் கோலோச்சிய நூற்றாண்டுகளில் கீழ் செருமானியச் சொற்கள் பல அம்மொழியில் கலந்தன. 'பணம் செலுத்து' எனப் பொருள்படும் 'பெத்தாலெ' அவற்றுள் ஒன்று. இன்று அதை அயற்சொல் என யாரும் எண்ணுவதில்லை.

புதிய சொற்களில் சில எளிதாக அமைந்தன. பங்கு மூலதனம் 'ஏகென்கபிடால்', அதாவது சொந்த முதல், ஆனது. தொடக்கநிலை நிறுவனங்களுக்கான விதை மூலதனத்துக்கு 'சோகூர்ன்கபிடால்' என்பது பெயர். 'சோகூர்ன்' என்பது விதைப்புக்கென உழவர் எடுத்து வைக்கும் தானியம்; நம் விதைநெல் போன்றது. வெறும் 'விதை' என்னும் ஆங்கிலச் சொல்லைவிட இது பொருத்தமானது. பொதுமக்களிடம் சிறு தொகைகளாகத் திரட்டும் நிதி 'ஃபொல்கெஃபினான்சியெரிங்' (மக்கள் நிதியளிப்பு) எனப்படுகிறது. அரசும் தனியாரும் இணைந்து சாலை அமைக்கும் முறைக்கு, ஆங்கிலத்தில் உள்ள 'பங்காளித்துவம்' என்ற சொல்லை அப்படியே பெயர்க்காமல் 'சாமர்பைட்' (ஒத்துழைப்பு) என்ற சொல்லை எடுத்துக்கொண்டனர். இம்முறையில் அமைந்த கிளெட்–போர்ட்ஸ்ஹவுக் சாலை 2005 இல் திறக்கப்பட்டது.

இன்னொரு சிக்கல், எழுத்து வழக்கு இரண்டாக இருப்பது. பூக்மோல், நீநொர்ஸ்க் ஆகிய இரண்டுக்கும் 1885 இல் நாடாளுமன்றம் சமநிலை அளித்தது. கடனுக்கான பிணையம் பூக்மோலில் 'சிக்கர்ஹேட்'. செருமானியச் சாயல் கொண்ட அச்சொல்லை மரபாகத் தவிர்க்கும் நீநொர்ஸ்கில் அது 'திரிக்லைக்'. ஆகவே ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு சொற்கள் வேண்டியிருக்கிறது.

உண்மையில் இடர் தருவது 'கேரண்டி' என்னும் ஆங்கிலச் சொல்தான். கடனாளி கட்டத் தவறினால் பொறுப்பேற்பவர் கட்ட வேண்டும் என்று பொதுவாகப் புரிந்துகொள்கிறோம். ஆனால் எப்போது கட்ட வேண்டும்? நோர்வேச் சட்டத்தில் பிணைப்பொறுப்பு 'கௌஷூன்' எனப்படும். அதில் இரு வகைகள் உண்டு. எளிய கௌஷூனில், கடனாளியால் கட்ட இயலாது என்பது முதலில் தெளிவாக வேண்டும். 'செல்வ்ஷில்ட்னர்கௌஷூன்' என்பதில் பொறுப்பேற்றவர் தாமே கடனாளி போல் ஆகிறார். தவணை தவறியதும் கடன் கொடுத்தவர் நேராக அவரிடமே கேட்கலாம். இவை தவிர, மூலக் கடனைச் சாராது தனித்து நிற்கும் 'கராந்தி'யும் உள்ளது. ஒலி ஒற்றுமையைப் பார்த்துக் 'கராந்தி' என்றே மொழிபெயர்ப்பவர், தாய் நிறுவனத்தின் தலையில் ஒப்புக்கொள்ளாத சுமையை ஏற்றிவிடக்கூடும்.

2022 முதல் நடைமுறையில் உள்ள மொழிச் சட்டம் நோர்வே மொழியைத் தேசிய முதன்மை மொழி என்கிறது. ஆயினும் வெளிநாட்டு முதலீட்டாளர் பங்கேற்கும் பெரிய கடன்பத்திர ஒப்பந்தங்கள் பல, நோர்வேச் சட்டத்துக்கு உட்பட்டிருந்தும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. அவற்றில் பொறுப்பேற்பைக் குறிக்கும் ஆங்கிலத் தொடருக்கு அருகே, அடைப்புக்குறிக்குள் 'செல்வ்ஷில்ட்னர்கௌஷூன்' என்ற நோர்வேச் சொல்லையும் சேர்த்து எழுதும் வழக்கம் உள்ளது.