பங்குவிலை வரைபட மென்பொருள்: தரவுத் துல்லியமும் நம்பகத்தன்மையும்

பங்குவிலை வரைபட மென்பொருள் என்பது சந்தையில் நடக்கும் வர்த்தகங்களின் விலையையும் அளவையும் கால வாரியாகத் தொகுத்து, கேண்டிலாகவோ கோடாகவோ காட்டும் கருவி. வர்த்தகர்கள் சுருக்கமாக ‘சார்ட்’ என்பார்கள். இந்தியாவில் ஆமிபுரோக்கர், மெட்டாஸ்டாக் போலக் கணினியில் நிறுவிக்கொள்பவையும், டிரேடிங்வியூ போல உலாவியிலேயே ஓடுபவையும், தரகு நிறுவனங்களின் செயலிகளோடு சேர்ந்து வருபவையும் புழக்கத்தில் உள்ளன. இவற்றில் எதுவும் விலையை உண்டாக்குவதில்லை. என்எஸ்இ, பிஎஸ்இ, எம்சிஎக்ஸ் போன்ற சந்தைகளின் தரவைப் பெற்று, அதைத் தத்தம் விதிப்படி தொகுக்கின்றன. ஒரே பங்குக்கு இரண்டு சார்ட்டுகள் இரண்டு உச்சவிலை காட்டினால், ஏதோ ஒன்று பொய் சொல்கிறது என்ற முடிவுக்கு வருவது வழக்கம். பெரும்பாலும் இரண்டிலுமே பிழை இருக்காது. தொகுத்த விதிதான் வேறாக இருக்கும்.

டிக்கிலிருந்து கேண்டில் வரை

ஒவ்வொரு ஆர்டரையும் ஒவ்வொரு வர்த்தகத்தையும் சுமந்து வரும் ‘டிக்-பை-டிக்’ தரவை முக்கியமாகப் பயன்படுத்துபவர்கள், சந்தையின் வளாகத்திலேயே சர்வர் வைத்திருக்கும் கோ-லொகேஷன் உறுப்பினர்கள். வீட்டிலிருந்து வர்த்தகம் செய்பவரின் திரைக்கு வருவதோ இடைவெளி விட்டு எடுக்கப்பட்ட ஸ்னாப்ஷாட். இரண்டு ஸ்னாப்ஷாட்டுகளுக்கு நடுவே ஒரு பங்கு 500 ரூபாயிலிருந்து 502-க்குப் போய்த் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஸ்னாப்ஷாட்டைக் கொண்டு கட்டிய ஒரு நிமிடக் கேண்டிலில் அந்த 502 இருக்காது. ஆனால் அன்றைய உச்சமும் தாழ்வும் தரவில் தனியாகவே வருவதால் நாள் கேண்டிலில் 502 இருக்கும். 501-இல் ஸ்டாப் லாஸ் போட்டவருக்கு அது அடிபட்டிருக்கும். நிமிடச் சார்ட்டைப் பார்த்தால் விலை அந்தப் பக்கமே போகாதது போலத் தெரியும். தரகரோடு மூளும் சண்டைகள் பலவற்றின் வேர் இதுதான்.

கேண்டிலை எங்கிருந்து வெட்டுவது என்பது அடுத்த சிக்கல். காலை 9.15 முதல் மாலை 3.30 வரை மொத்தம் 375 நிமிடம். மணிக் கேண்டிலை 9.15-இலிருந்து எண்ணினால் கடைசியில் 15 நிமிடத் துண்டு ஒன்று மிஞ்சும். கடிகார மணிப்படி வெட்டினால் முதல் கேண்டில் 45 நிமிடம், கடைசியது 30 நிமிடம். இரண்டு மென்பொருள்களும் ‘1 மணி’ என்றே பெயரிடும். உச்சம், தாழ்வு, முடிவு எதுவும் பொருந்தாது. இந்திய வர்த்தகர்கள் 75 நிமிட, 125 நிமிடக் கேண்டில்களை விரும்புவதற்குக் காரணம், 375-ஐ அவை மிச்சமின்றி வகுப்பதுதான்.

முடிவு விலையிலும் இதே குழப்பம் உண்டு. என்எஸ்இ-யில் நெடுங்காலம் வழங்கிவந்த முறைப்படி, ஒரு பங்கின் முடிவு விலை 3.30-க்கு நடந்த கடைசி வர்த்தகத்தின் விலையன்று. கடைசி அரைமணி நேர வர்த்தகங்களின் அளவு சார்ந்த சராசரி. நிமிடச் சார்ட்டின் கடைசிக் கேண்டில் ஒரு விலையில் முடிய, நாள் சார்ட் வேறொன்றைக் காட்டுவது இதனால்தான்.

அமர்வு நேரம் மாறும் நாள்களில் மென்பொருளின் தரம் வெளிப்படும். 2021 பிப்ரவரி 24 அன்று தொலைத்தொடர்பு இணைப்புக் கோளாறால் என்எஸ்இ 11.40-க்கு வர்த்தகத்தை நிறுத்தி, பிற்பகல் 3.45-க்கு மீண்டும் தொடங்கி 5 மணி வரை நடத்தியது. அமர்வு 3.30-க்கு முடியும் என்று நிரலில் கெட்டியாக எழுதி வைத்த எந்த மென்பொருளும் அந்த ஒன்றேகால் மணி நேரத்தைத் தவறவிட்டிருக்கும். தீபாவளி முகூர்த்த வர்த்தகமும், சனிக்கிழமையில் வரும் பட்ஜெட் நாளும் வைக்கும் சோதனை இதைவிடச் சிறியது.

பழைய விலையைச் சரிக்கட்டுதல்

போனஸ், பங்குப் பிரிப்பு, நிறுவனப் பிரிவினை ஆகியவற்றுக்குப் பின் பழைய விலைகளைத் திருத்தாவிட்டால் சார்ட் பொய்யான வீழ்ச்சியைக் காட்டும். 2023 ஜூலை 20 அன்று ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸிலிருந்து ஜியோ ஃபைனான்சியல் பிரிந்தது. முந்தைய நாள் முடிவு 2,841.85 ரூபாய். சிறப்பு முன்-அமர்வில் என்எஸ்இ-யில் ரிலையன்ஸ் 2,580 ரூபாயில் நிலைகொள்ள, மீதி 261.85 ரூபாய் புதிய நிறுவனத்தின் விலையாயிற்று. திருத்தாத சார்ட்டில் இது ஒரே நாளில் 9 சதவீதச் சரிவு. பங்குதாரரின் கணக்கிலோ அந்த விலைக் கழிப்பால் நட்டம் ஏதுமில்லை. திருத்திய சார்ட்டுக்கும் விலை உண்டு: பழைய தேதிகளில் யாரும் கொடுக்காத, யாரும் வாங்காத விலைகள் அதில் நிற்கும். ஈவுத்தொகைக்கும் சேர்த்துத் திருத்துவதா என்பதில் மென்பொருள்களிடையே ஒருமையில்லை.

பின்சோதனை செய்பவருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து, இன்றைய குறியீட்டுப் பட்டியலில் இல்லாத பங்குகள். யூனிடெக், சுஸ்லான், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ், சத்யம் எல்லாம் ஒருகாலத்தில் நிஃப்டி 50-இல் இருந்தவை. இன்றைய ஐம்பதை மட்டும் எடுத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஓட்டிப் பார்த்தால் எந்த உத்தியும் லாபகரமாகத்தான் தோன்றும். நேரலைத் தரவில் சில நொடி பிந்துவதைப் பற்றிப் புகார் சொல்பவர்கள் இதைக் கவனிப்பதேயில்லை.

தவறான விலையும் நம்ப முடியாத விலையும்

2017 ஜூலை 3 மாலை, அமேசான், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட பல நாஸ்டாக் பங்குகள் சில தரவுத் தளங்களில் 123.47 டாலர் என்று ஒரே விலையைக் காட்டின. சந்தையின் சோதனைத் தரவை நிஜ விலையாக எடுத்துக்கொண்டதன் விளைவு அது. அந்த விலையில் வர்த்தகம் எதுவும் நடக்கவில்லை. 2012 அக்டோபர் 5 அன்று நிஃப்டி 4,888.20 வரை சுமார் 15 சதவீதம் விழுந்ததோ நிஜம். தரகு நிறுவனமொன்று தவறாக இட்ட ஆர்டர்கள் உண்மையாகவே நிறைவேறின. முதலாவதைச் சார்ட்டிலிருந்து நீக்க வேண்டும், இரண்டாவதை நீக்கவே கூடாது. ‘அசாதாரண’ விலைகளைத் தானாக வடிகட்டும் மென்பொருளுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

2020 ஏப்ரல் 20 அன்று நியூயார்க்கில் மே மாதக் கச்சா எண்ணெய் ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. ஊரடங்கால் மாலை 5 மணிக்கே மூடிவிட்ட எம்சிஎக்ஸ் சார்ட்டில் கடைசியாகத் தெரிந்தது சுமார் 965 ரூபாய். கணக்குத் தீர்த்த விலை மைனஸ் 2,884 ரூபாய். மடக்கை அளவுகோலில் வரையும் சார்ட்டில் எதிர்மறை எண்ணுக்கு இடமே கிடையாது. எதிர்மறை விலையை ஏற்க முடியாத மென்பொருளை வைத்திருந்ததற்காக இன்டராக்டிவ் புரோக்கர்ஸ் நிறுவனம் 2021-இல் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புக்கு 17.5 லட்சம் டாலர் அபராதம் செலுத்த நேர்ந்தது.

குறிகாட்டிகள்

தரவு ஒன்றாகவே இருந்தாலும் குறிகாட்டி மாறலாம். வெல்ஸ் வைல்டர் 1978-இல் வெளியிட்ட ஆர்எஸ்ஐ, முந்தைய மதிப்பைச் சுமந்துகொண்டே அடுத்ததைக் கணக்கிடுவது. ஆகவே 50 கேண்டிலை ஏற்றிய சார்ட்டும் 500 கேண்டிலை ஏற்றிய சார்ட்டும் ஒரே நாளுக்குச் சற்றே வேறுபட்ட எண் தரும். ஆர்எஸ்ஐ 70-ஐத் தொட்டதா, 69.6-இல் நின்றதா என்று வாதிடுவது வீண்வேலை.

சார்ட்டில் தெரியும் விலையை ஆதாரமாக வைத்து நட்டத்துக்கு ஈடு கேட்பது கடினம். தகராறு என்று வந்தால் கணக்கில் எடுக்கப்படுபவை, சந்தையின் வர்த்தகப் பதிவும் அதை ஒட்டித் தரகர் தரும் கான்ட்ராக்ட் நோட்டும்தான்.